1650களின் மாசசூசெட்ஸ்: புருஷன் கடலில், பெண்டாட்டி கையில் என்ன அதிகாரம்?

திரைச்சீலை:

கல்லூரிக் குழு ஒன்றுக்காக ஒரு மணி நேர நாடகம் எழுதுகிறேன். களம் 1650களின் நடுப்பகுதி, மாசசூசெட்ஸ் பே காலனி, இப்ஸ்விச் மாதிரி ஒரு கடலோர ஊர். பியூரிட்டன் (கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) சமூகம். நாயகி பெயர் சாரா, வயது முப்பதுக்குள், நாலு பிள்ளை. புருஷன் பார்படோஸுக்கு மீனும் மரமும் ஏற்றிப் போகும் கப்பலில் வேலை செய்கிறான். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. வீடு, நிலம், மாடு, கடன் எல்லாவற்றையும் இவள்தான் பார்க்கிறாள்.

இரண்டு வரைவு எழுதிவிட்டேன். ஒன்றில் சாரா வாயில்லாப் பூச்சி. இன்னொன்றில் நம் காலத்துப் பெண்ணுக்கு வெள்ளைத் தொப்பி மாட்டிவிட்டது போல இருக்கிறாள். இரண்டுமே பொய் என்று படுகிறது, எங்கே பொய் என்று பிடிபடவில்லை. முதல் காட்சியில் அவள் ஒரு துண்டு நிலத்தை விற்றுக் கடன் அடைக்கிறாள், நடக்குமா? இரண்டாவதில் சபையில் எழுந்து போதகரைக் கேள்வி கேட்கிறாள். மூன்றாவதில் திரும்பி வந்த புருஷன் கை நீட்டுகிறான்; சட்டம் என்ன சொல்லும்? அவன் திரும்பியே வராவிட்டால் என்ன வழி? கடைசியில் ஊர் கூடி, விபசாரி என்பதற்கு அடையாளமாக அவள் மார்பில் சிவப்பு எழுத்தைத் தைத்து, சூனியக்காரி என்று எரிக்கிறது. இதில் எது நிற்கும், எது நிற்காது?


வக்கீல்குமாஸ்தா:

முதல் காட்சியை எடுத்துவிடுங்கள். அந்தக் கிரயம் செல்லாது.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம்தான் கப்பலேறி அங்கேயும் வந்தது. தாலி என்று ஒன்று இல்லையே தவிர, கல்யாணம் ஆன கணத்தில் பெண்ணின் சட்ட உருவம் கணவனுக்குள் அடங்கிவிடும். அவளுக்கு 'ஃபெம் கவர்ட்' என்று பெயர், மூடப்பட்ட பெண். கன்னிப்பெண்ணும் விதவையும் 'ஃபெம் சோல்', தனித்து நிற்பவர்கள். மூடப்பட்டவள் கொண்டுவந்த பணம், பசு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் அன்றே அவனுடையவை. அவள் பெயரில் நிலம் இருந்தால் பாத்தியதை அவளுடையது, ஆனால் கல்யாணம் நிலைத்திருக்கும்வரை நிர்வாகமும் வருமானமும் அவனுக்கு. அவள் பெயரில் ஒப்பந்தம் கிடையாது, வழக்கு கிடையாது, அவன் சம்மதமில்லாமல் உயில் கிடையாது. 1641இல் அந்தக் காலனி வகுத்த சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவைப் பாருங்கள்: மணமான பெண், வயது வராத பிள்ளை, புத்தி சுவாதீனமில்லாதவர் மூவரையும் ஒரே வரியில் வைத்து, இவர்கள் செய்யும் சொத்து மாற்றம் பொதுமன்றம் (காலனியின் சட்டசபை) ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்கிறது.

ஆகவே சாரா நிலத்தை விற்க வேண்டுமானால் ஒன்று, புருஷன் கப்பலேறும் முன் சாட்சி வைத்து அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்போதும் அவள் விற்பது அவனுடைய பெயரால்தான். அல்லது பாஸ்டனில் பொதுமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஒரு கடனுக்கு யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள்.

உண்மையில் அவள் செய்யக்கூடியது வேறு. கன்றை விற்பாள். சதுப்பு வெளியில் இந்த வருஷத்து வைக்கோலை அறுத்துக்கொள்ளச் சொல்வாள். கூலியாளோடு பேரம் பேசுவாள், தானியத்தை அளந்து போடுவாள், கடைக்காரரிடம் கணக்கு வைப்பாள். ஊர் இதையெல்லாம் கேள்வி கேட்காது, ஏனென்றால் புருஷன் இல்லாத வீட்டில் பெண்டாட்டிதான் அவனுக்குப் பதிலாள் என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். பின்னாள் வரலாற்றாசிரியர்கள் இதைத் 'துணைக் கணவன்' பாத்திரம் என்கிறார்கள். நீங்கள் பிடிக்க வேண்டிய நூல் இதுதான்: சாராவிடம் இருக்கும் அதிகாரம் நிஜம், ஆனால் இரவல்.

இரவல் எங்கே அறுபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சோறு, துணி, விறகு போன்ற அவசியச் செலவுக்கு அவள் வாங்கிய கடனைப் புருஷன் கட்டியே ஆக வேண்டும். கடைக்காரரின் பேரேட்டில் கணக்கு அவன் பெயரில்தான் இருக்கும், வரிக்கு வரி "உன் மனைவி வசம்" என்று குறித்திருக்கும். அதற்கு மேற்பட்ட பெரிய பேரம் என்றால், வந்தவன் "நான் சொல்லவில்லையே" என்று கையை விரிக்கலாம். கடன் கொடுக்க வந்தவன் வாசலில் நின்று யோசிப்பது அதனால்தான். நில விற்பனையைவிட அந்த யோசனையில் நாடகம் அதிகம்.

இப்போது திருப்பிப் பாருங்கள். அவளால் நிலத்தை விற்க முடியாது, ஆனால் அவளில்லாமல் அவன் விற்றாலும் வாங்குகிறவனுக்குத் தலைவலி. கணவன் செத்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்க மனைவிக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'டவர்' என்று பெயர். நம் ஆட்கள் இதைச் சீதனம் என்று மொழிபெயர்த்துக் குழப்புகிறார்கள். சீதனம் பெண்வீட்டிலிருந்து வருவது. டவர் புருஷன் சொத்தில் விதவைக்கு விழும் பங்கு. அவள் விட்டுக்கொடுக்காத நிலத்தை வாங்கியவன், இருபது வருஷம் கழித்து ஒரு விதவை வந்து "என் மூன்றிலொரு பங்கு எங்கே" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவன் கையெழுத்துக்குப் பதிலாக அவள் போடும் குறியும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பான். பக்கத்துப் பிளிமத் காலனி 1646இலேயே மனைவியும் அதிகாரி முன் வந்து விற்பனைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று விதித்தது. ஆக, 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் கொஞ்சம் இருந்தது, 'செய்கிறேன்' என்பதற்குத்தான் இல்லை.

மூன்றாவது காட்சி நிற்கும், திருத்தத்தோடு. 1641 தொகுப்பின் 80ஆம் பிரிவு, மனைவி முதலில் தாக்கித் தற்காப்புக்காக என்றாலொழியக் கணவன் அவளை அடிக்கக்கூடாது என்கிறது. அன்றைய இங்கிலாந்தில் இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த விதி கிடையாது. 1650இல் இது இருபக்கமும் ஆனது: புருஷன் பெண்டாட்டியையும், பெண்டாட்டி புருஷனையும் அடித்தால் 10 பவுண்டு வரை அபராதம் அல்லது உடல் தண்டனை. இப்ஸ்விச், சேலம் கோர்ட்டுகளில் வழக்குகள் வந்தன. ஆனால் முடிவு பெரும்பாலும் அபராதம், நன்னடத்தைப் பிணை, பிறகு "வீட்டுக்குப் போய் ஒழுங்காக வாழுங்கள்". அபராதம் போவது குடும்பத்தின் பணத்தில்தான், சாராவின் பசுவும் அதில் சேர்த்தி.

திரும்பி வராவிட்டால்: பியூரிட்டன்களுக்குக் கல்யாணம் திருச்சடங்கு அல்ல, குடிமை ஒப்பந்தம். நடத்தி வைத்தவர் போதகர் அல்ல, நீதிபதி. ஒப்பந்தம் என்றால் முறிக்கலாம். மாசசூசெட்ஸில் முதல் மணமுறிவு 1639இல், ஏற்கெனவே மனைவி இருந்த ஒருவன் விஷயத்தில். சாரா கேட்கும் இடம் பாஸ்டனில் உள்ள உயர் நீதிமன்றம். வெறும் "அடிக்கிறான்" போதாது. பார்படோஸில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், வருஷக்கணக்கில் செப்புக்காசு அனுப்பவில்லை என்பதற்குக் கப்பலாட்களின் சாட்சியம் வேண்டும். அண்டைக் கனெக்டிகட் 1667இல் இதைச் சட்டமாகவே எழுதியது: விபசாரம், மோசடித் திருமணம், மூன்று வருஷம் கைவிட்டுக் கடமை தவறியது, ஏழு வருஷம் தகவலே இல்லாதது. உங்கள் காலத்துக்குப் பின்னால் வருகிறது, மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.


ஏட்டுச்சுவடி:

குமாஸ்தா அண்ணன் நிலத்தை முடித்துவிட்டார். இரண்டாவது காட்சியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சபை கூடியிருக்கும்போது சாரா எழுந்து கேள்வி கேட்டால் அது தைரியமான காட்சி அல்ல, அடுத்த நிமிஷம் முடிந்துவிடும் காட்சி. "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்ற வசனம் 1 தீமோத்தேயு 2இல் இருக்கிறது, அங்கிருந்த எல்லாருக்கும் மனப்பாடம். பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம் உட்காருவார்கள். எந்தப் பெஞ்சு யாருக்கு என்பது அந்தஸ்து பார்த்து ஒதுக்கியது. மனைவியின் இடம் கணவனின் இடத்தைப் பொறுத்தது. போதகரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் ஆண்களுக்கே.

ஆனால் சபை அங்கத்துவம் வேறு கதை. அது பிறப்பால் வருவதில்லை. 'கர்த்தர் என்னைத் தொட்டார்' என்பதை ஒருவர் தன் அனுபவமாகச் சொல்லி, சபை அதை நம்ப வேண்டும். பெண்களும் சொன்னார்கள். சில சபைகளில் போதகரிடம் தனியாகச் சொல்லி அவர் வாசிப்பார், சிலவற்றில் பெண்ணே சொல்ல விட்டார்கள். வென்ஹம் சபையில் 1640களில் இதைப்பற்றித் தனி விவாதமே நடந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கத்தினரில் பெண்களே அதிகம்.

இது வீட்டுக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள். சாரா அங்கத்தினள், புருஷன் இல்லை என்று வையுங்கள். இராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) பரிமாறும்போது அவள் உள்ளே, அவன் வெளியே. பெற்றோரில் ஒருவர் அங்கத்தினராக இருந்தால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டு. அதாவது பிள்ளை ஞானஸ்நானத் தொட்டிக்குப் போவது இவள் பெயரால். இன்னொன்று: 1631 முதல் 1664 வரை காலனித் தேர்தலில் ஓட்டுப்போடச் சபை அங்கத்தினனாக இருக்க வேண்டும். அவனுக்கு அந்த ஓட்டும் கிடையாது. வீட்டின் தலைவன் என்று வேதம் சொல்லும் ஆள் பரலோகக் கணக்கில் பெண்டாட்டிக்குப் பின்னால் நிற்கிறான். உங்கள் இரண்டாவது காட்சிக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். யாரும் எழுந்து கத்த வேண்டியதில்லை. கதவு மூடும்போது யார் எந்தப் பக்கம் என்பது போதும்.

ஆன் ஹட்சின்சன் விவகாரம் ஊர் நினைவில் அப்போது இருபது வருஷப் பழசு; சாராவின் அம்மா வயதுக்காரிகளுக்கு நன்றாகத் தெரியும். 1634இல் பாஸ்டன் வந்தவர், பிரசவத்துக்கு உதவுபவர். வீட்டில் பெண்களைக் கூட்டி ஞாயிறு பிரசங்கத்தை அலச ஆரம்பித்தார். அதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை, பெண்கள் கூடிப் பேசுவது வழக்கம்தான். கூட்டம் அறுபதைத் தாண்டி, ஆண்களும் வந்து, பெரும்பாலான போதகர்கள் கிரியையை (நற்செயலால் மீட்பு) பிரசங்கிக்கிறார்கள், கிருபையை (கடவுளின் இரக்கத்தால் மீட்பு) அல்ல என்று பேச்சு திரும்பியபோதுதான் சிக்கல். 1637 நவம்பரில் நியூடவுனில் விசாரணை. ஆளுநர் வின்த்ராப் எந்த விதியில் கூட்டம் நடத்துகிறாய் என்று கேட்க, முதிர்வயதுள்ள ஸ்திரீகள் பாலிய ஸ்திரீகளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று தீத்து 2ஐ எடுத்து நீட்டினார். முதல் நாள் முழுக்க நீதிபதிகள்தான் திணறினார்கள். மறுநாள் அவரே, தேவன் தனக்கு நேரடியாக வெளிப்படுத்தினார் என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நாடு கடத்தினார்கள். 1638 மார்ச்சில் சபை விசாரணையில் போதகர் ஹியூ பீட்டர் சொன்னது ரொம்பப் பிரசித்தம்: நீ மனைவியாக இருப்பதைவிடப் புருஷனாக, கேட்பவளாக இருப்பதைவிடப் பிரசங்கியாக, குடிமகளாக இருப்பதைவிட நீதிபதியாக நடந்துகொண்டாய். குற்றப்பத்திரிகையை இதைவிடச் சுருக்க முடியாது.

படிப்பைப்பற்றி ஒரு வரி. 1642இலிருந்து பிள்ளைகளை வாசிக்கப் பழக்குவது குடும்பத்தலைவனின் சட்டக் கடமை, பெண்பிள்ளைகளும் வேதம் வாசிப்பார்கள். எழுதுவது தனி வித்தை, அது பெரும்பாலும் பையன்களுக்கு. ஆகையால் சாரா வேதாகமத்தைத் தடுமாறாமல் வாசித்துவிட்டு, பத்திரத்தில் கீறல் போடலாம். கீறல் போட்டதால் எழுத்தறிவில்லாதவள் என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு.


நீலத்தறி:

சட்டமும் சபையும் பேசிட்டீங்க. அவ நாள் முழுக்க என்ன செய்றான்னு யாரும் சொல்லல. மேடையில் அவ கை சும்மா இருந்தா நாடகம் அங்கேயே செத்துடும்.

முதல்ல ராட்டை. நாடகம்னா ஒரு பொண்ணை ஸ்டூல்ல உட்கார வச்சு கம்பளி நூற்க விடுவாங்க. கம்பளிக்குப் பெரிய சக்கரம், நின்னுக்கிட்டே நூற்கணும். வலது கையால சக்கரத்தைத் தள்ளி, இடது கையில் இழையைப் பிடிச்சுப் பின்னாலயே நடக்கணும், திரும்ப முன்னால வந்து நூலைக் கதிர்ல சுத்தணும். ஒரு நாளைக்கு மைல் கணக்குல நடை. உட்கார்ந்து மிதிக்கிற சின்ன ராட்டை ஆளி நாருக்கு. தறி பெரும்பாலும் ஆம்பிளைங்க வேலை அப்போ, அதனால வீட்டுக்குள்ள தறி வைக்காதீங்க.

நூற்பு பொம்பளைங்க பொழுதுபோக்கு இல்ல, அரசாங்க உத்தரவு. 1656இல் பொதுமன்றம் ஒவ்வொரு ஊரும் குடும்பத்துக்கு எத்தனை நூற்பாள்னு கணக்கெடுக்கணும்னு சொல்லிச்சு. ஒரு முழு நூற்பாள் வருஷத்துல 30 வாரம், வாரம் 3 பவுண்டு நூல் நூற்கணும், குறைஞ்ச ஒவ்வொரு பவுண்டுக்கும் 12 பென்ஸ் அபராதம். வீட்டுல வேற வேலை ஜாஸ்தின்னா அரை ஆள், கால் ஆள்னு மதிப்பிடலாம். நாலு பிள்ளை வச்சிருக்கற சாராவை முழு ஆளா எழுதறதா அரை ஆளா எழுதறதான்னு ஊர்ப் பெரியவங்க வாசல்ல நின்னு பேசற காட்சி ஒண்ணு வைக்கலாம்.

சீஸ் செய்யறது இன்னொண்ணு. சுமார் ஒரு காலன் பாலுக்கு ஒரு பவுண்டு சீஸ். பால் வெதுவெதுப்பா இருக்கும்போது கன்னுக்குட்டி இரைப்பையை ஊறவச்ச தண்ணி விடணும். சூடு அதிகமானா தயிர் ரப்பர் ஆகும், குறைஞ்சா உறையவே உறையாது. இந்தச் சீஸ், முட்டை, நூல், மூலிகை எல்லாம் பொம்பளைங்களுக்குள்ள கைமாறும். எந்தப் பேரேட்டிலயும் வராது. ஊர்ப் பொருளாதாரத்துல பாதி இப்படித்தான் காணாமப் போயிருக்கு.

முக்கியமானது பிரசவ அறை. அங்க ஆம்பிளைக்கு இடமில்ல. மருத்துவச்சியும் ஆறு, எட்டு, பத்துப் பக்கத்துவீட்டுப் பெண்களும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை, ஆயுசுல ஏழெட்டுன்னு இருந்த ஊர்ல ஏதாவது ஒரு வீட்டுல இந்தக் கூட்டம் நடந்துக்கிட்டே இருக்கும். வந்தவங்களுக்குப் பீரும் கேக்கும் முன்கூட்டியே தயார் பண்ணி வைப்பாங்க. பேரே 'முனகல் பீர்', 'முனகல் கேக்'.

அந்த அறைக்குச் சட்ட பலமும் உண்டு. கல்யாணமாகாத பொண்ணு வலியில் துடிக்கும்போது மருத்துவச்சி "தகப்பன் யார்"னு கேட்பா. சாவு பக்கத்துல இருக்கும்போது பொய் வராதுன்னு நம்பிக்கை. அந்தப் பேரை அவ மாத்தாம சொன்னா, அறையில் இருந்த பெண்கள் கோர்ட்டுல வந்து சாட்சி சொல்வாங்க, அந்த ஆள் பிள்ளைச் செலவைக் கட்டணும். 1668இல் இதை மாசசூசெட்ஸ் சட்டமாவே எழுதுச்சு, பழக்கம் அதுக்கு முந்தியே இங்கிலாந்துலேருந்து வந்தது. ஒரு பொண்ணு கர்ப்பமா, பிள்ளை செத்துப் பிறந்ததா, உடம்புல சூனியக் குறி இருக்கான்னு பார்த்துச் சொல்றதும் பெண்கள் குழுதான். அதாவது இதே கைதான் இன்னொரு பொண்ணைத் தூக்குக்கும் அனுப்பும். சாராவை நல்லவளா மட்டும் காட்டாதீங்க.

உடை: எல்லாருக்கும் கறுப்பு வேண்டாம். நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம். பழுப்பு, துரு நிறம், மங்கின பச்சை, நீலம் போடுங்க. 1651 உத்தரவுப்படி 200 பவுண்டுக்குக் கீழ சொத்துள்ள வீட்டுப் பெண் பட்டு முக்காடு போட்டா கேள்வி வரும். கூப்பிடறது, சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு 'குட்வைஃப்', மேல்தட்டுன்னா 'மிஸ்ட்ரஸ்'. குட்வைஃபைச் சுருக்கி அவங்க சொன்னது நம்ம மேடையில் 'குடி'ன்னு காதுல விழும், அரங்கம் சிரிச்சுடும். முழுசாவே சொல்லுங்க.


திரைச்சீலை:

பிரமாதம், மூவருக்கும் நன்றி. நில விற்பனை போச்சு, சபைக் கலகம் போச்சு. நீலத்தறி அக்கா சொன்ன நூற்பாள் கணக்கு உள்ளே வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கடைசிக் காட்சி. சிவப்பு எழுத்து, சூனியம். ஊர் எந்தப் புள்ளியில் இவள் மேல் திரும்பும்?


வக்கீல்குமாஸ்தா:

எழுத்து வேண்டாம். துணியில் இரண்டு எழுத்து வெட்டி மேலாடையில் தைக்கச் சொன்னது பிளிமத் காலனி, 1658இல். மாசசூசெட்ஸில் அந்த விதி 1694இல்தான் வந்தது. 1650களில் அங்கே விபசாரத்துக்கு ஏட்டில் இருந்தது மரண தண்டனை. 1644இல் மேரி லேதம், ஜேம்ஸ் பிரிட்டன் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அதன்பின் ஜூரிகள் அந்தக் குற்றத்தை நிரூபணமானதாக ஏற்கத் தயங்கி, சவுக்கடியும் அபராதமுமாக இறக்கிவிட்டார்கள். ஒரு நுணுக்கம்: விபசாரம் என்பது மணமான பெண் சம்பந்தப்பட்டால் மட்டும். மணமான ஆண் கன்னிப்பெண்ணோடு போனால் அது சின்னக் குற்றம். சாராவின் கழுத்தும் அவன் கழுத்தும் ஒரே விலை அல்ல.

எரிப்பதும் வேண்டாம். இந்தக் காலனிகள் இருந்த நியூ இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தூக்குதான். 1692 சேலத்தில்கூட 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் 14 பெண்கள்; ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லேற்றி நசுக்கினார்கள். யாரும் எரியவில்லை.

உங்களுக்கு வேண்டிய வழக்கு ஆன் ஹிப்பின்ஸ். பாஸ்டனில் பெரிய வியாபாரியும் நீதிபதியுமான வில்லியம் ஹிப்பின்ஸின் மனைவி. 1640இல் வீட்டுத் தச்சு வேலைக்கு ஆள் வைத்தார். கூலி அநியாயம் என்று பட்டது. புருஷன் பேசித் தீர்த்தார், இவர் விடவில்லை. வேறு தச்சர்களிடம் விலை விசாரித்தார், தச்சர்கள் எல்லாரும் கூட்டு என்றார். சபை விசாரித்தது. பணம் அங்கே பின்னுக்குப் போய்விட்டது. புருஷன் முடித்த விஷயத்தை மறுபடி கிளப்பினாய், அவரைவிட உனக்குத் தெரியும் என்று நடந்துகொண்டாய் என்பதே பேச்சு. மன்னிப்புக் கேட்கவில்லை. 1641இல் சபைநீக்கம். கணவர் உயிரோடு இருந்தவரை யாரும் மேலே தொடவில்லை. 1654இல் அவர் இறந்தார். அடுத்த வருஷமே சூனிய வழக்கு. ஜூரி குற்றவாளி என்றது, நீதிபதிகள் ஏற்கவில்லை, பொதுமன்றத்துக்குப் போய் 1656 ஜூனில் தூக்கு. காலமும் உங்கள் நாடகத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது, ஊரில் எல்லாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தச்சுக்கூலிப் பேரம் அவளைக் கொன்றது என்று எழுதிவிடாதீர்கள், நடுவில் பதினைந்து வருஷம் இருக்கிறது. மூடியிருந்த நிழல் விலகியதும் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது என்று எழுதலாம். கனெக்டிகட்டில் கேதரின் ஹாரிசனுக்கும் ஏறக்குறைய இதே பாதை: 1666இல் விதவை, சொத்து 900 பவுண்டுக்கு மேல், மறுமணம் செய்யவில்லை. அண்டைவீட்டார் மாட்டை அடித்தார்கள், பயிரை அழித்தார்கள், பிறகு சூனியக்காரி என்றார்கள். தூக்கிலிருந்து தப்பினார், ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

ஏழை விதவைகள் மேலும், வைத்தியம் செய்த பெண்கள் மேலும் குற்றச்சாட்டு விழுந்தது. 1648இல் காலனியில் முதலில் தூக்கிலிடப்பட்ட மார்கரெட் ஜோன்ஸ் மருந்து கொடுப்பவர். சொத்து ஒன்றுதான் காரணம் என்ற சூத்திரம் எல்லா வழக்குக்கும் பொருந்தாது.


ஏட்டுச்சுவடி:

அண்ணன் சொன்னதோடு முடித்தால் நாடகம் ஒரே அழுகை. இப்ஸ்விச் என்பதால் ஒன்று சேர்க்கிறேன், 1679இல் நடந்தது. இப்ஸ்விச்சின் ஒரு பகுதி செபாக்கோ. ஊர்க்கோவிலுக்கு ரொம்ப தூரம், தங்களுக்குத் தனி ஆராதனை மண்டபம் வேண்டும் என்று கேட்டார்கள். தாய்ச்சபை விடவில்லை, போதகர் சம்பளத்துக்கு வரும் பங்கு குறையுமே. பொதுமன்றம் தடை போட்டது. மரமெல்லாம் அறுத்து அடுக்கித் தயாராக இருந்தது, ஆண்கள் கட்டக்கூடாது. வார்னி, குட்ஹ்யூ, மார்ட்டின் ஆகிய மூன்று வீட்டுப் பெண்கள் தடையைப் படித்துப் பார்த்தார்கள்: ஆண்கள் எழுப்பக்கூடாது என்றுதானே இருக்கிறது? கிளாஸ்டரிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்து சட்டகத்தை நிறுத்திவிட்டார்கள். கைது, விசாரணை, மன்னிப்புக் கேட்டதும் விடுதலை. கட்டிடம் நின்றது. மூடப்பட்ட பெண் என்ற சட்டம் சில சமயம் ஒளிந்துகொள்ளவும் இடம் கொடுக்கும்.


சதுப்புவழி:

ஒரு திருத்தம். இந்தத் திரி முழுக்க ஆங்கிலேயப் பெண்களே இருக்கிறார்கள். சாராவின் ஊர் யாருடைய நிலம்?

அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் தலைவர் நனெபஷெமெட் இறந்தபின் அவருடைய விதவை ஆட்சி செய்தார். ஆங்கில ஆவணங்களில் அவர் பெயரே இல்லை, 'ஸ்குவா சாச்செம்' (பெண் தலைவர்) என்ற பட்டம் மட்டும். 1639இல் சார்ல்ஸ்டவுன், கேம்பிரிட்ஜ் பகுதி நிலத்தைக் காலனிக்கு எழுதிக் கொடுத்தவர் இவர். மேலங்கி, வாம்பம் மணிச்சரம், சோளம் வாங்கிக்கொண்டு, மிஸ்டிக் ஏரிகளுக்கு மேற்கே ஒரு பகுதியைத் தன் ஆயுள் வரைக்கும் தனக்கென்று ஒதுக்கி வைத்தார். 1644இல் காலனியோடு ஒப்பந்தத்தில் குறியிட்ட தலைவர்களில் இவரும் ஒருவர். பின்னாலும், 1671இல் பிளிமத் காலனி சகோனெட் தலைவி அவஷாங்க்ஸோடு ஒப்பந்தம் போட்டது.

தன் மனைவி வைக்கும் குறி பொதுமன்றம் ஒப்பாமல் செல்லாது என்ற அதே நீதிபதிகள், தங்கள் ஊரின் மூலப்பத்திரத்துக்கு ஒரு பெண் வைத்த குறி போதும் என்றார்கள். வசதிக்கு ஏற்ற சட்டம். சாரா வீட்டில் வேலைக்காரியாக ஒரு பூர்வகுடிப் பெண்ணோ ஆப்பிரிக்கப் பெண்ணோ இருந்தால், மூன்றிலொரு பங்கு பற்றிய பேச்சு எதுவுமே அவளுக்குப் பொருந்தாது என்பதும் மேடையில் தெரிய வேண்டும். 1641 தொகுப்பே 91ஆம் பிரிவில் அடிமைகளை அனுமதித்தது.


திரைச்சீலை:

சரியான இடத்தில் குட்டு. மூலப்பத்திரம் நிச்சயம் உள்ளே வருகிறது.

முடிவை மாற்றிவிட்டேன். தூக்கு இல்லை. புருஷன் கடலில் இறந்த செய்தி வருகிறது. சொத்துப்பட்டியல் எடுக்கப் பக்கத்துவீட்டுக்காரர்கள் வருகிறார்கள். அது எப்படி நடக்கும்? அவளுக்கு உண்மையில் என்ன மிஞ்சும்?


வக்கீல்குமாஸ்தா:

நம்பிக்கையான ஆண்கள் இருவர் அல்லது மூவர், கையில் தாள். அறை அறையாகப் போவார்கள்: கூடம், அடுத்த அறை, மாடி, பால் அறை, தொழுவம். படுக்கை, இறகு மெத்தை, இரும்புச்சட்டி, துப்பாக்கி, பசு என்று ஒவ்வொன்றுக்கும் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் விலை. பெரும்பாலும் பட்டியலில் மிக விலையான சாமான் மெத்தையும் திரையுமாக அந்தப் படுக்கைதான். சாரா பதினைந்து வருஷமாக நூற்ற நூலுக்கும் விலை எழுதுவார்கள், இறந்தவன் சொத்து என்ற தலைப்பின் கீழ். அவள் பக்கத்தில் நின்று எது எங்கே இருக்கிறது என்று காட்டுவாள்.

உயில் இல்லையென்றால் நிர்வாகப் பொறுப்பு வழக்கமாக விதவைக்குத்தான் கொடுப்பார்கள். அந்த நாளிலிருந்து அவள் தனித்து நிற்பவள். கடனை வசூலிக்கலாம், வழக்குப் போடலாம், போட்டால் எதிர்வழக்கும் வரும். நிலத்தில் ஆயுள் அனுபோகமாக அவளுக்கு வரும் மூன்றிலொரு பங்கைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது; மற்றதில் முதலில் அவர்கள், மிச்சம் பிள்ளைகளுக்கு. மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. அந்த மூன்றிலொன்றை அவள் விற்கவோ பிள்ளைகளில் ஒருவனுக்கு எழுதவோ முடியாது.

உயில் இருந்தால் விவரம் இன்னும் நெருக்கமாக வரும். வீட்டின் கிழக்குப் பாதி, அடுப்பையும் கிணற்றையும் பயன்படுத்தும் உரிமை, ஒரு பசுவுக்குத் தீனி, மகன் வருஷா வருஷம் கொண்டுவந்து வாசலில் போட வேண்டிய விறகு, சபைக்குப் போகக் குதிரை. இவ்வளவையும் எழுதக் காரணம், எழுதாவிட்டால் மருமகள் விடமாட்டாள் என்று தகப்பனுக்குத் தெரியும். விறகு வராவிட்டால் நிலம் போய்விடும் என்று நிபந்தனை போட்ட உயில்களும் உண்டு. நிறைய உயில்களில் "என் விதவையாக இருக்கும்வரை" என்ற வாசகமும் சேரும். மறுமணம் செய்தால் மறுபடி மூடப்பட்ட பெண், கையில் இருப்பது புது மனிதனின் நிர்வாகத்துக்குப் போகும். உஷாரானவள் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி வாங்குவாள்.

மேடைக்கு ஒரு சின்ன விஷயம். அவள் பத்திரத்தில் குறியிடும்போது எழுத்தர் அவள் பெயரை முன்னும் பின்னும் பிரித்து எழுதி நடுவில் இடம் விடுவார், மேலே 'அவள்', கீழே 'குறி'. அந்த இடத்தில் ஒரு பெரிய எழுத்தோ, சிலுவைக் கோடோ, அவள் பழகிய ஏதாவது ஒரு கிறுக்கலோ. முதல் அங்கத்தில் புருஷன் நிலத்தை விற்கும் பத்திரம் ஒன்றைக் காட்டுங்கள், அவன் கையெழுத்துக்குக் கீழே அவளுடைய குறி. கடைசி அங்கத்தில் அதே குறி, மேலே யார் பெயரும் இல்லாமல்.